சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டு உன்னைத் துரத்த மாட்டேன். இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டிவலி. ஆனாலும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவியை விடுவதாயில்லை.

என் வேலை மாறிவிட்டது. எங்கள் சுகாதார மையம் ஒரு வண்டி விடப்போகிறது. போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பார்கள், ஒருவர் நோய் இன்னொருவருக்குத் தொற்றாமல் இருக்க. பெயர் கேட்க மாட்டார்கள். அது எங்கெங்கே நிற்பது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்துப் பக்கம் கூடாது. காவல் நிலையத்துப் பக்கம் நின்றால் ஒருவரும் வரமாட்டார்கள். கடைக்காரர்கள் விரட்டுகிறார்கள். டிரைவர், பேசாமல் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏற்றி நிறுத்திவிடலாம் மேடம் என்கிறார்.

கையுறையும் இடுக்கியுமாகச் சந்து சந்தாகப் போய், ஊசிகள் எங்கே கிடக்கின்றன என்று பார்ப்போம். அங்கேதான் வண்டி தேவை. அப்படித்தான் நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்துக்கும் போனேன். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு தீப்பெட்டி. ரப்பர் பேண்டு இரண்டு சுற்று. உள்ளே ஊசி முனைகள். சின்ன வயதில் உடைந்த பிளேடை இப்படித்தான் கட்டிப் போடுவாய், குப்பை அள்ளும் அக்காவின் கை கிழிந்துவிடும் என்று. எத்தனை நாள் நான் உள்ளே பாத்திரம் கழுவ, நீ அந்தப் பக்கம் நின்றிருந்தாயோ.

கண்டதைச் சொல்ல வாயைத் திறந்தால் அப்பா சந்துக்கு இரும்புக் கதவு போட்டுவிடுவார். திறக்காவிட்டால் வண்டி வராது.

சங்கக் கூட்டத்தில் கீழ்வீட்டு அத்தை, வண்டி வந்தால் கண்ட கழுதையும் பின்னால் வருமே என்றாள். நீ வெளியூரில் வேலை பார்ப்பதாக அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அவர் எழுந்து, நம் தெருவில் அப்படிப்பட்ட பிள்ளை எவன் இருக்கிறான் என்று என்னைப் பார்த்தே கேட்டார். பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்திருந்த தீப்பெட்டியை மேஜைமேல் வைத்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, வண்டி நிற்கட்டும், ஹாரன் மட்டும் அடிக்கக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்தும் நாங்கள் அதைப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் வண்டி வரும். என்னைக் கண்டால் திரும்பிப் போய்விடுவாய். அதனால் அந்த இடத்துக்கு மட்டும் என்னைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜன்னலையும் சாத்திவிடுவேன். எட்டிப் பார்க்க மாட்டேன், சத்தியம். கடிதத்தை வண்டியில் வரும் நர்ஸிடம் கொடுத்துவிடுவேன். பெயர் சொல்ல மாட்டேன். தீப்பெட்டியில் இரண்டு சுற்று ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவரும் பிள்ளையிடம் கொடு என்பேன்.

ஊசிக்கு மட்டும் வந்தால் போதும் கண்ணா. வேறு எதையும் கேட்க மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

நேற்றுப் பின்கதவுக்குத் தாழ் போடப் போனேன். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இருக்கட்டும் விடு என்றார்.

உன்
அம்மா