நல்ல தண்ணீர்க் கிணற்றின் சாவி

ஜூன் 4
காலை ஐந்தரைக்கு வால்வைத் திறந்தேன். கிணற்று நீரில் மீட்டரை விட்டுப் பார்த்தேன், உப்பு 410. ஆயிரத்துக்குள் இருந்தால் குடிக்கலாம். தீவில் நூற்றுப்பத்து வீடுகள், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று, பம்பு அறையின் சாவி என் இடுப்பில். அண்ணன் என்னைத் 'தண்ணி மந்திரி' என்று கூப்பிடுகிறான். படகு எஞ்சின் மெக்கானிக் அவன்; எஞ்சினைத் தவிர எதையும் மதிக்கமாட்டான்.

ரேடியோவில் புயல் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் படகை மேட்டில் ஏற்றிக் கட்டப் போயிருக்கிறார்.

ஜூன் 7
உயிரோடு இருக்கிறோம்.

ஜூன் 8
கடல் ஒரு கரையில் ஏறி மறுகரையில் இறங்கிப் போயிருக்கிறது. பள்ளிக்கூட மாடியில் இருந்ததால் தப்பினோம். தையல்காரி மட்டும் மெஷினை எடுக்கத் திரும்பிப் போனாள். மெஷின் கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை.

கிணற்றில் செருப்புகள், செத்த கோழி, யார் வீட்டுத் தலையணையோ. உப்பு 7800.

ஜூன் 10
நீர்வளப் பொறியாளர் அம்மா போனில் கிடைத்தார். தீவுக்கு அடியில் இருப்பதும் கடல்தானாம். மழைத்தண்ணீர் அதன்மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக மிதக்கிறதாம்.

"மெஷின் போட்டு இறைச்சிடாதீங்க. அடியில இருக்கிற உப்பு மேல ஏறிடும். வாளியால கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, மழைக்குக் காத்திருங்க."

பதினோரு வருஷமாக இந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். எனக்கே இது தெரியாது, ஊருக்கு எப்படிப் புரியவைப்பேன்?

ஜூன் 15
நாளுக்கு நாற்பது வாளி. உப்பு 5200. கை கொப்பளித்துவிட்டது.

ஜூன் 21
3100. இறங்குகிறது! ஆனால் அரசாங்கம் அனுப்பும் குடிதண்ணீர்ப் படகு ஆறு நாளாக வரவில்லை, கடல் இன்னும் அடங்கவில்லை. அண்ணன் படகு எஞ்சினைக் கழற்றிப் பம்போடு மாட்டி வைத்திருக்கிறான். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று கேட்டான். அந்தப் பெரியவர்கள் தீவில் குடியிருந்திருக்க மாட்டார்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 23
அண்ணியின் கைக்குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அண்ணி பம்பு அறை வாசலில் வந்து நின்றாள். சண்டை போடும் குரல்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள்:

"உனக்கென்ன, நீ வாளியை எண்ணிட்டு இருப்ப. உன் வீட்ல ஒரு பிள்ளை அழுதிருந்தா தெரிஞ்சிருக்கும்."

எனக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவள் சொல்லியா தெரிய வேண்டும்? சாவியை அவள் காலடியில் வீசிவிட்டு வந்துவிட்டேன். என்னமோ பண்ணிக்கட்டும் — எனக்கென்ன வந்தது —

ஜூன் 24
விடிந்ததிலிருந்து எஞ்சின் சத்தம். சாயங்காலம் மீட்டர் 950 காட்டியது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பித் தந்தான். தோற்றுப்போனேனே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 25
குடிதண்ணீர்ப் படகு வந்துவிட்டது. மருந்தும் வந்தது. குழந்தை பால் குடிக்கிறது.

ஜூன் 26
14,600.

மீட்டரைத் துடைத்து மூன்று தடவை பார்த்தேன். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல்.

ஜூலை 19
நல்ல மழை. பத்து நாள் பெய்தது. 12,000. ஆக்கப் பொறுத்த எனக்கு ஆறப் பொறுக்கவில்லை. பொறியாளர் அம்மா திட்டவில்லை. இரண்டு வருஷமோ மூன்றோ ஆகலாம் என்றார். அதுவரை நூற்றுப்பத்து வீட்டுக்குப் படகில் தண்ணீர் கொண்டுவர முடியாதாம்.

ஆகஸ்ட் 2
எல்லா வீடும் காலி. அதிகாரியின் படிவத்தில், வெளியேறும் காரணம் என்ற இடத்தில் 'புயல்' என்று அச்சடித்தே இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அண்ணனும் போட்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை. யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

கடைசிப் படகு எங்களுடையது. பம்பு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். இவர் கரையிலிருந்து கேட்டார்:

"இனிமே யார் வரப் போறாங்கன்னு பூட்டுற?"

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஏறினேன். அன்றைக்கும் அது அங்கேயே இருந்திருக்க வேண்டும்.