எட்டு இலக்கமும் வேண்டும்

செவ்வாய்க்கிழமை.

73939133 பகா எண்தான். கல்லூரிக் கணிதப் பேராசிரியை மாலை ஆறு மணிக்குப் போனில் உறுதி செய்தார். கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனாலும், ஒற்றை 7 மிஞ்சும்வரை வருவதெல்லாம் பகா எண்கள். இப்படிப்பட்டவற்றில் இதுவே மிகப் பெரியது.

பழவங்காடி ஜவுளிக்கடையில் பில் போடும் மீனா, பல மாதம் கால்குலேட்டரில் வகுத்து வகுத்து இதைத் தானே கண்டுபிடித்தவர். நான் செய்தியாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் பேப்பரின் எடிட்டிங் டெஸ்க்கில் சுகுமாரன், வாசகனுக்குப் புரியட்டும் என்று அதை 'சுமார் 7 கோடியே 39 லட்சம்' ஆக்கிவிட்டான். பகா எண்ணில் என்ன சுமார்?

இன்றைய பேப்பரைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்துக் கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்களாம்.

"சைபர்ல முடியறது பத்தால வகுபடாதோன்னு கேக்கறாங்க சாரே. ஏழாங்கிளாஸ் படிச்சவளுக்கு எதுக்குக் கணக்குங்கறாங்க. நான் அப்படியா சொன்னேன்?" என்றார் மீனா.

சுகுமாரனிடம் கத்தினேன். "ஒரு நம்பருக்கா அண்ணாச்சி இந்தச் சத்தம்?" என்கிறான், மடையன். இடமில்லையென்று கடைசி இலக்கத்தை வெட்டியிருந்தால்கூட மிச்சம் பகா எண்ணாகவே இருந்திருக்கும். வெட்டவும் தெரியவில்லை.

எட்டு இலக்கத்தோடும் மீனாவின் பெயரோடும் திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போடுவார்களா என்பது நாளை பதினொரு மணிக் கூட்டத்தில் தெரியும். கடை ஒன்பதரைக்கே திறந்துவிடும்.