கிணற்றுக்கு வடக்குப் பக்கம்

நவ. 6, வியாழன்

விடாத தூறல். மன்னிக்க வேண்டும், எழுதத் தொடங்கிவிட்டேன். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. வாயால் சொல்ல வராததைக் கொப்பியில் எழுதிக் கொட்டுவது கோழைத்தனம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். தமிழில் எழுதினால் அலுவலகத்தில் ஒருவருக்கும் விளங்காது. அது ஒன்றுதான் வசதி.

வாங்க வேண்டியவை: சன்கிரீம், பிளாஸ்டர், தடித்த காலுறை. பூட்ஸ் ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் வாங்கியாச்சு.

ஞாயிறு பயணம். மொறொக்கோவின் கிழக்கு ஓரம், அல்ஜீரியா எல்லைக்குக் கிட்ட, பாலைவன நடை. தண்ணீர்க் கிணறு கட்டும் நிதிக்காக அலுவலகம் ஒழுங்கு செய்தது. வரைபடத்தைப் பார்த்தவுடன் பெயர் கொடுத்தேன். ஊரில் சண்டைக்குத் தப்பி வந்தவர்களைக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் லொறியோடு மறைந்த பிறகு அப்பாவும் அவருடைய தம்பியும் வேறு சிலரும் நடந்த பக்கம் அது. நான் பிறப்பதற்கு முன். அப்பா வந்து சேர்ந்தார். சித்தப்பா வரவில்லை. "எல்லையில வேற ஆக்களோட போனவன். எங்கயாவது பிடிச்சு மறியலில வச்சிருப்பாங்கள், வருவான்." அப்பாவிடம் இருக்கும் கதை இவ்வளவுதான்.

மதியம் சோஃபி, பக்கத்து மேசை: "உன் அப்பாவும் இதே நடை நடந்தவரா? எவ்வளவு அருமை! எந்தக் கம்பனியோடு போனார்?"

சிரித்துவிட்டுக் கெட்டிலைப் போட்டேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பதில் சொல்லத்தான் பழகவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பா பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி உள்ள போகாதாமோ?"

"ஓம் அப்பா."

"அங்க எங்க தண்ணி."

நவ. 7, வெள்ளி

குளிர், காற்று. வேலை முடிய அப்பாவோடு லூயிஷாம் சிவன் கோயில். சித்தி சட்டனிலிருந்து ரெயில் மாறி வந்து எங்களுக்கு முதலே வாசலில். சித்தப்பாவின் மனைவி. கலியாணம் கட்டி ஒரு வருடம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்த களைப்பு முகம் முழுக்க. ஆனால் பொட்டு அளந்து வைத்த வட்டம். தாலிக்கொடி கோட்டுக்கு வெளியே.

என் பயணத்துக்கு அர்ச்சனை. ஐயர் பெயர் கேட்டார். பழக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர் என்று சொல்லிக்கொண்டு போனேன். சித்தி முழங்கையில் கிள்ளினா.

"விசரி! இல்லாத ஆளின்ர பேரை அர்ச்சனைக்குச் சொல்லுறேல்லை. சீவனோட இருக்கிற ஆக்களுக்குத்தான்."

அம்மா போய் இரண்டு வருடம். காது இரண்டும் சுட்டது.

பிறகு சித்தி தன் தட்டை நீட்டினா. "தவராசன். அவிட்டம்." ஒவ்வொரு வெள்ளியும் போல. சித்தப்பாவுக்கு நீண்ட ஆயுளும் சுகமும் கேட்டு மந்திரம். அப்பா சுவாமியைப் பார்க்கவில்லை. தரையில் மிதிபட்ட பூ ஒன்றைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்து சப்பாத்துப் போடும்போது சித்தி என் காதில்: "அங்க ஆரும் இருந்தா விசாரிச்சுப் பார் பிள்ளை. நல்ல உயரம். இடது புருவத்தில வெட்டுக் காயம். தலை இப்ப நரைச்சிருக்கும்."

நவ. 9, ஞாயிறு

கட்விக் விமான நிலையம். வாசலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் கார் நிற்க விடமாட்டார்கள். அப்பாவுக்கு அவசரமாய்த் திரும்ப அது நல்ல சாட்டு.

"தண்ணியை ஒரேயடியாக் குடியாதை. செருப்பைக் கழட்டாதை."

"பூட்ஸ் அப்பா."

"எதுவெண்டாலும்."

கை காட்டாமல் போய்விட்டார்.

நவ. 12, புதன்

கண் கூசும் வெயில். மணல் என்று நினைத்திருந்தேன். முக்கால்வாசி கல். கறுப்புக் கல், வெடித்த தரை, காய்ந்த ஆறு.

எங்கள் பைகளை ஒட்டகங்கள் சுமக்கின்றன. கழிப்பறைக்குத் தனிக் கூடாரம். புதினாத் தேநீர். பின்னேரம் யோகா. எல்லோருக்கும் ஒரே ரீசேட், முதுகில் 'பாலைவனத்தை வென்றேன்'. நடக்கத் தொடங்க முன்பே அச்சடித்தது.

எல்லைக் காவலில் ஒரு பொடியன் என் பாஸ்போர்ட்டின் அட்டையை மட்டும் பார்த்தான். உள்ளே திறக்கவேயில்லை. "வெல்கம்." ஏனோ அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

குதிக்காலில் கொப்புளம். சோஃபி பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள். நல்ல பிள்ளைதான். அதுவும் எரிச்சல்.

நவ. 13, வியாழன்

மத்தியானம் ஒரு கிணறு. சுற்றுக்கட்டு இடிந்தது, பக்கத்தில் ஒரு வேலமரம். மேட்டில் ஏறினால் போன் வேலை செய்தது. அப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவர் வேலை செய்யும் பெற்றோல் செட்டில், கல்லாவுக்குப் பின்னால்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. கிணறு."

போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். நெற்றி மட்டும் தெரிந்தது.

"மரம் நிக்குது," என்றார். "வடக்குப் பக்கம் திருப்பு."

திருப்பினேன்.

"கல்லுக் குவிச்சுக் கிடக்கோ?"

"என்ன கல்லு?"

"நாங்கள் குவிச்சது. தம்பியை வச்ச இடம்."

அவருக்குப் பின்னால் யாரோ ஆங்கிலத்தில், "நாலாம் பம்ப்!" இரண்டு தரம். அப்பாவுக்குக் கேட்கவில்லை.

இதே கிணறா என்று தெரியாது. இப்படிக் கிணறுகள் இந்தப் பக்கம் நிறைய என்று வழிகாட்டி காலையில்தான் சொன்னார். வடக்கே வெறும் தரை. ஆட்டுப் புழுக்கை. ஒரு பிளாஸ்டிக் போத்தல்.

"கிடக்கு அப்பா," என்றேன்.

சட்டைப்பைக்குள் இருந்த கைலேஞ்சியை எடுத்து முகத்தை மூடினார்.

சோஃபி கீழிருந்து: "அப்பாவா? நானும் ஹலோ சொல்லவா?"

நவ. 16, ஞாயிறு

வீடு. மழை. உடுப்புத் தோய்க்கப் போட்டது. மெசினுக்குள் சின்னக் கற்கள் உருளும் சத்தம்.

அப்பா உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்குக் காய்ச்சல். வயிற்றோட்டம். கிணற்றடிக்கு வந்து சேர்ந்தும் தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. "விடிய ஆள் இல்லை. என்ர செருப்பு அறுந்து போச்சு. அவன்ரயைக் கழட்டிப் போட்டுக்கொண்டு வந்தன்."

"ஏன் சித்தியிட்டச் சொல்லேல்லை?"

"முதல் தரம் போன் எடுக்கேக்க அவ கேட்டது, 'அவர் சாப்பிட்டாரோ' எண்டு. ஓம் எண்டிட்டன். பிறகுதான் அந்த எல்லைக் கதை."

ஒரு 'ஓம்'. அதை நம்பித்தான் சித்தி இந்த நாட்டுக்கு வந்தது. அதை நம்பித்தான் ஒரு நல்ல மனிதன் கலியாணம் கேட்டு வந்தபோது, "எனக்குப் புருசன் இருக்கிறார்" என்று கதவைச் சாத்தினது. அப்பா அப்போது முன்னறையில் இருந்து தேத்தண்ணி குடித்தாராம். அதையும் அவரே சொன்னார்.

கிழங்குக் கறி நன்றாக இருந்தது. சாப்பிட்டேன். அவரை வெறுத்துக்கொண்டே இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

நவ. 21, வெள்ளி

தெளிந்த வானம், கடும் குளிர். கோயில். சித்தி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தா.

"கறுத்துப் போனாய். ஆரையும் கண்டனியோ?"

"இல்லை சித்தி."

"பரவாயில்லை. பெரிய இடம்தானே."

தட்டு. தேங்காய், வெற்றிலை, பழம். "தவராசன். அவிட்டம்." அப்பா வாயைத் திறந்தார். நான் மூச்சைப் பிடித்தேன். ஐயரிடம் திருநீறு கேட்கத்தான் திறந்தார்.

சித்தியைச் சட்டனில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். நேரே சொல்லத் தைரியம் வராது, அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கப் போகிறேன்.

அப்பா, அங்கே கல் இருக்கவில்லை. நான் பொய் சொன்னேன். நீங்கள் 'ஓம்' சொன்ன மாதிரித்தான். அது உங்கள் கிணறுதானோ என்றும் எனக்குத் தெரியாது. சித்தி இடம் எது என்று கேட்டால் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வருகிற வெள்ளிக்கு முதல் சட்டனுக்குப் போவோம். நான் பக்கத்தில் நிற்கிறேன். நீங்கள்தான் சொல்ல வேணும். இன்னொரு தரம் அந்தப் பேரை ஐயரிடம் சொல்ல விடாதேங்கோ.