தோட்டா என்னிடம், துப்பாக்கி தங்கையிடம்

லா பெஸ், பெரிகோர்
நவம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள ஒரியான் கண்ணுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். பிஸ்தாவுக்கு மட்டும் முள் கிழித்து இடது காது புண்ணாகி இப்போது ஆறிவருகிறது, நாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை. நீ அந்த நுமேயா தீவு வெயிலில் கருகாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனம் ஆறும். தொலைபேசியில் நீ எப்போதும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறாய், உன் குரலை வைத்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. இங்கே செஸ்ட்நட் கொட்டி முடிந்துவிட்டது, அப்பா பொறுக்கிவந்ததில் பாதி புழு. முழங்கால் வலிக்கிறது என்கிறார், ஆனால் வாத்துக் கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுக்க மட்டும் அடுப்படியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறார்.

உன் சித்தி செவரினைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன வசந்தத்தில் அவள் வேட்டை உரிமத் தேர்வு எழுதித் தேறியதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? மருந்துக்கடை வேலையை விட்டபிறகு ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே வாழ்த்தினேன். அவள் தாத்தாவின் பதினாறு போர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வருவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாத்தா போனபிறகு அவர் சாமான்களுக்குச் சீட்டெழுதி அவர் தொப்பியிலேயே போட்டுக் குலுக்கினோமே, அப்போது நீ சின்னப் பெண். மூத்தவள் என்று தொப்பிக்குள் முதலில் கையை விட்டது நான்தான், எனக்குச் சுவர்க் கடிகாரம் வந்தது. துப்பாக்கி அவளுக்குப் போனது. விழுந்த சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம், நானும் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது அவள் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தவரை எனக்கு வருத்தம்தான் இருந்தது, பொறாமை இல்லை. இந்த அக்டோபரிலிருந்துதான் வயிறு எரிகிறது.

உனக்கு வேட்டையில் ஆர்வம் இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் என் எரிச்சல் உனக்குப் புரியாது. பதினாறு போர் என்றால் குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டு பதினாறு சேர்ந்தால் ஒரு ராத்தல் என்று கணக்கு, இதை நான் புத்தகத்தில் படித்தேன். என்னுடைய பன்னிரண்டு அதைவிடப் பெரிய வாய், பலமாக அடிக்கும், தோளையும் சேர்த்து அடிக்கும். இருபது சின்ன வாய், தூக்க லேசு, ஆனால் அதன் தோட்டாவில் ஈயம் குறைவு. பதினாறு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புத்தகம் அவ்வளவுதான் சொல்கிறது, கையில் எடுத்தவர்களுக்குத்தான் மிச்சம் தெரியும். ஒல்லியாக இருக்கும், முட்புதரிலும் செஸ்ட்நட் கன்றுகளுக்கு இடையிலும் காலையிலிருந்து சுமந்தாலும் கை கடுக்காது, பறவை எழும்பினால் நாம் நினைப்பதற்குள் கன்னத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். கடைகளில் அதற்கு இடமே இல்லாமல் போய் எவ்வளவோ காலமாகிறது, இருந்தும் வைத்திருப்பவர்கள் விடுவதில்லை, இல்லாதவர்கள் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேட்டைச் சங்கக் குடிசையில் சூப் குடிக்கும்போது பார்க்க வேண்டும். ஆண்கள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக அதை வாங்கிக் குழலை மடித்துப் பார்த்து, மூடி, தோளில் வைத்து, சேந்த் எத்தியேன் ஊர்ப் பட்டறை வேலைப்பாடு என்று தடவிக்கொடுக்கிறார்கள். போர்தோவிலிருந்து வரும் பல் டாக்டர், "செவரின், இதைக் குடுக்கிற எண்ணம் வந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும், சத்தியம் பண்ணு" என்று பின்னாலேயே திரிகிறார். முப்பது வருடமாக என் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு அதே குடிசைக்குப் போகிறேன், ஒருவரும் அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டதில்லை. அதன்மேல் அவர்கள் ஈரத் தொப்பியை மாட்டுகிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவள் சுட்டது விழுகிறதே! காட்டு உள்ளான் பறவை எப்படி எழும்பும் என்று உனக்குத் தெரியும், நீண்ட மூக்கை ஆட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நெளிந்து போகும், பழகியவர்களே பாதிக்குப் பாதி விட்டுவிடுவார்கள். இவள் நேற்று உரிமம் வாங்கியவள், அக்டோபர் முடிவதற்குள் தொப்பி நாடாவில் ஏழு சின்ன இறகு செருகிவிட்டாள். வீழ்த்திய ஒவ்வொரு உள்ளானின் சிறகு நுனியிலிருந்தும் அந்தக் குட்டி முள்ளிறகை எடுத்துச் செருகுவதுதான் நம் வழக்கம், அதனால் யார் என்ன சுட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். என் தொப்பியில் இரண்டு. "அக்கா, உன் நாய்க்கு வயசாயிடுச்சு போல" என்று அவள் சொன்னாள் ஒரியான், பிஸ்தாவைப் பார்த்து!

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேட்டு நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். தாத்தாவின் துப்பாக்கி பழையது, அதில் தோட்டா உட்காரும் அறைக்குக் குட்டைத் தோட்டாதான் போட வேண்டும், இப்போது வரும் நீளத் தோட்டாவைப் போட்டால் ஆபத்து. அந்தக் குட்டைத் தோட்டாவைத் துப்பாக்கிக் கடைக்காரர் லபோர்துதான் தன் கடைக்கு வருடத்துக்கு ஒருமுறை வரவழைப்பார். நான் போய், இருந்த ஐந்து டப்பாவையும் வாங்கிவிட்டேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "மதாம் குளோதில்ட், உங்களோடது பன்னெண்டு ஆச்சே, இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க, ஊறுகாயா?" என்று கேட்டார். தங்கைக்குப் பரிசு என்று சொன்னேன். வீட்டில் அப்பா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லவேளை, உன் தங்கச்சி குதிரை வாங்கலை, இல்லேன்னா ஊர்ல இருக்கிற புல்லு பூரா இங்க வந்திருக்கும்" என்றார். நான் டப்பாக்களை அலமாரியில் பூட்டி வைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்வானேன்.

பத்து நாள் கழித்து அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போனால் சமையலறை மேசையில் துப்பாக்கி எண்ணெய் துடைத்துத் தோலுறையில் கிடக்கிறது. தோட்டா எங்கும் கிடைக்கவில்லை, பெரிகே நகரத்தில் நீளமானதுதான் இருக்கிறது, வெளியூரிலிருந்து வரவழைத்தால் உள்ளான் காலமே முடிந்துவிடும் என்று சொன்னாள். "பல் டாக்டர் இதுக்குப் பதிலா ஒரு இருபது போர் துப்பாக்கி தரேன்னு சொல்றாரு, சனிக்கிழமை வந்து இதை எடுத்துக்குவாரு. அதுக்கு முன்னாடி உன்னைக் கேக்கணும்னு தோணிச்சு. உனக்கு வேணுமா? சீட்டை மாத்திக்கத்தான் கூடாது, சும்மா குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையே" என்றாள். எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். எனக்காகவே செய்தது மாதிரி வந்து உட்கார்ந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், துப்பாக்கியும் எனக்கு, தோட்டாவும் என் அலமாரியில், இந்த ஜென்மத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "போகட்டும். எனக்கு உள்ளான்மேல ஒண்ணும் அவ்ளோ ஆசை இல்லை. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமைன்னா நம்ம அப்பா உன்னை மட்டும் கூட்டிட்டுப் போவாரு. நான் வீட்டுல உக்காந்து நீங்க கொண்டு வந்ததுக்கு இறகு பிடுங்குவேன். ஜன்னல் வழியா நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு வர்றதைப் பாப்பேன், எனக்கு அப்படி எரியும். இந்த வருஷமாவது உன்கூட நடக்கலாம்னுதான் பரீட்சை எழுதினேன், நீ ஒரு நாளாவது வான்னு கூப்பிட்டியா?" என்றாள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன, ஆனால் ஜன்னலில் யாராவது நின்றார்களா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதனால் தோட்டா என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் சோப்புக் கையோடு திரும்பி, "அஞ்சு டப்பாவுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அடிப்பாவி! நான் லபோர்தைப் போய்த் திட்டிட்டு வந்தேனே!" என்று துணியைத் தூக்கி என் முகத்தில் எறிந்தாள். கோபத்தில் கத்தினாளா சிரித்தாளா என்று பிரிக்க முடியவில்லை, கொஞ்சநேரம் இரண்டும் நடந்தது. பிறகு பல் டாக்டருக்குப் போன் செய்து இல்லை என்று சொல்லிவிட்டு எனக்கொரு கட்டளை போட்டாள். துப்பாக்கி அவளிடம் இருக்கும், தோட்டா என் பையில் இருக்கும், போனால் இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும், யார் குறி தவறுகிறார்களோ அவர்கள் மற்றவளிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும்.

நேற்றுப் போனோம். மூத்தவள் என்று முதல் முறை எனக்குக் கொடுத்தாள். பறவையை மோந்து பிஸ்தா அசையாமல் நின்றதும் அதன் கழுத்து மணி நின்றது, உள்ளான் எழும்பியது, எனக்கு ஆசை முந்திக்கொண்டு அவசரமாகச் சுட்டேன், ஒரு கிளை விழுந்தது. குழலை மடித்துத் துப்பாக்கியை அவளிடம் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் ஒன்று, இன்னொன்று என்று வீழ்த்திக்கொண்டே போனாள், நான் கழுதை மாதிரி தோட்டாப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். "அக்கா, ஒரு தோட்டா" என்று திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுகிறாள், ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாதிரி! எனக்கு வந்த எரிச்சலை எழுத இந்தத் தாள் போதாது. மதியம் சாய்ந்தபிறகு, ஓடைக்கு மேலே மரமே இல்லாத வண்டிப்பாதையில், அவளுக்கு நேர் எதிரே ஒன்று எழும்பியது. வெளிச்சம் முதுகுப் பக்கம், பறவை நேராக, மெதுவாக, பள்ளிப் பிள்ளைகூடத் தவறவிட முடியாத மாதிரி போனது. அவள் தூக்கினாள், ஒரு கணம் நின்றாள், தள்ளி நின்ற ஓக் மர உச்சியைப் பார்த்துச் சுட்டாள். உள்ளான் போய்விட்டது. "சே, போச்சு" என்று சொல்லி, மடித்து, வெற்றுத் தோட்டாவை எடுத்துவிட்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் துப்பாக்கியை என்னிடம் நீட்டினாள்.

வேண்டுமென்றே விட்டாயா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். இருட்டும்வரை அது என் கையிலேயே இருந்தது, மணி ஒருமுறைகூட நிற்கவில்லை, நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பும் வழியெல்லாம் வேறொன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பறவை என் எதிரே எழும்பியிருந்தால் நான் சுட்டிருப்பேன், தங்கை பின்னால் வெறுங்கையோடு நிற்கிறாள் என்ற நினைப்பே எனக்கு வந்திருக்காது. அவளுக்கு வந்தது. துப்பாக்கியைக் கேட்டால் தந்துவிடுவாள் ஒரியான், இதை எப்படிக் கேட்டு வாங்குவது?

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் நல்ல மனிதர்கள் நடுவிலும் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் தினமும் வேண்டுகிறோம். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. டிசம்பர் முதல் வாரம் சித்தியின் பிறந்தநாள், மறக்காமல் நீயாகவே அவளைக் கூப்பிட்டுப் பேசு, நான் சொல்லித்தான் கூப்பிட்டாய் என்று தெரிய வேண்டாம்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
குளோதில்ட்