நண்டு வாடி திறக்குமோ

2024 பங்குனி 4, திங்கள்

இன்றும் கொழும்புக் கொம்பனியில் இருந்து போன். வாடியை எப்போது திறப்பீர்கள், வெளிநாட்டுக்காரர் நண்டு கேட்டு நெருக்குகிறார்கள் என்றார்கள். பார்ப்பம் என்று வைத்துவிட்டேன்.

என்ன பார்ப்பது? தையில் வலை பார்க்கப் போனவர் என் மனுசன். வள்ளம் நெடுந்தீவுப் பக்கம் கரை ஒதுங்கியது. ஆள் இல்லை. ஆளைக் கடல் திருப்பித் தரும்வரைக்கும் அந்தக் கடல் நண்டை எங்கள் ஊரில் ஒருத்தரும் வாயில் வைக்கமாட்டார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் எழுதமாட்டேன்.

அந்த நண்டை அவித்துச் சதை எடுக்கிற வாடிதான் எங்களுடையது.

பங்குனி 5

நித்திரை இல்லை. கண்ணை மூடினால் தகர மேசையில் ஓடு உடைக்கிற சத்தம். வாடி பூட்டிக் கிடக்குது. பிறகு ஆர் உடைக்கிறது?

பங்குனி 13, புதன்

யாழ்ப்பாணத்தில் இருந்து லோஜனா என்று ஒரு பிள்ளை வந்தது. வர்த்தகச் சங்கமாம். தீவுப் பகுதியில் தொழில் செய்கிறவர்களிடம் எல்லாம், வருகிற மூன்று மாதத்தில் தொழில் கூடுமா, குறையுமா, இப்படியே இருக்குமா என்று கேட்டு வருகிறதாம். நயினாதீவில் தங்குமிடம் வைத்திருப்பவர் கூடும் என்றாராம், திருவிழா வருகிறபடியால். இங்கே ஐஸ் கட்டி செய்து விற்கிற ஜெகதீஸ், "மேரிசுகந்தி அக்காட்டைக் கேட்டுட்டு வந்து என்ர பதிலை எழுதும்" என்றானாம். வாடி இல்லாவிட்டால் அவனுடைய ஐஸை யார் வாங்குவது? எங்கள் நண்டை ஏற்றுகிற ஆட்டோக்காரரும் அதையேதான் சொன்னாராம்.

எல்லாற்ற நம்பிக்கையும் என்ர வாசலிலை வந்து நிக்குது. நான் எங்கை போய்க் கேக்க?

தெரியாது எண்டு ஒரு பதில் இல்லையோ பிள்ளை என்று கேட்டேன். இல்லையாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன் என்று சொல்லிப் போனது.

பங்குனி 22, வெள்ளி

மரியநாயகி வந்தாள். சதை எடுப்பதில் அவளைப்போல ஒருத்தி இல்லை. உயிர்த்த ஞாயிறு முடியத் திறக்காவிட்டால், மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் உடுப்புத் தைக்கிற இடத்துக்குப் போகிறாளாம். போனால் திரும்பி வராயினம் — அது தெரியும்.

எனக்குக் கோவம் வந்திட்டுது. உன்ர புருசன் எண்டால் அந்தச் சதை எடுக்கிற கத்தியைத் தொடுவியோ எண்டு கேட்டுப்போட்டன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"என்ர அப்பாவும் அந்தக் கடலுக்குள்ளைதான் அக்கா. நான் சின்னனா இருக்கேக்கை போனவர், இன்னும் வரேல்லை. வருசம் திரும்ப அம்மா நண்டுக் கறி காய்ச்சினவ. அழுதழுது திண்டனாங்கள்."

எத்தனை வருஷம் எங்கள் மேசையடியில் நின்றவள். இது எனக்குத் தெரியாது.

சித்திரை 2, செவ்வாய்

திறந்தாச்சு. சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். நான் வெளியே தராசடியில் நின்று நண்டு நிறுத்தேன். உள்ளே போக ஏலாது. அடுப்படி என் மனுசனுடைய இடம். ஆவி எழும்பேக்கை ஒரு ஆள் முதுகைத் திருப்பினமாதிரி — பார்த்தேனா? பார்த்தேன்.

மரியநாயகி கதவைப் பாதி சாத்திவிட்டாள்.

சித்திரை 5

ஜெகதீசின் ஐஸ் வண்டி வந்தது. ஹோன் அடிக்காமல் வந்தது.

சித்திரை 19, வெள்ளி

கொம்பனிக்கு எடுபடாத உடைந்த கால்களைப் பெண்கள் கறிக்குக் கொண்டுபோவது வழக்கம். திறந்ததில் இருந்து ஒருத்தியும் தொடவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் நான்தான் கிடங்கு வெட்டிப் புதைத்தேன். இன்றும் மண்வெட்டியோடு போனேன். வாளி வெறுமை.

யார் என்று கேட்கவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நடந்தேன். எங்கள் வாடியில் வேலை செய்கிற சூசையம்மாவின் குசினியில் இருந்து, முருங்கையிலை போட்டு நண்டுக் கறி கொதிக்கிற மணம் வந்தது. ஒழுங்கையில் நின்றுவிட்டேன். மூக்கைப் பொத்தவில்லை.