திரைக்குப் பக்கத்தில் நின்றவன் சொன்ன பெயர்

பெல்வில், பாரிஸ்
1912 மார்ச் 3, ஞாயிறு

என் மகள் ஒதீலுக்கு,

இங்கே நலம். உன் மகள் லுசெத்துக்கு இருமல் விட்டது. நீஸ் நகரக் கடற்கரையில் படம் பிடிக்கிறாயாம், கழுத்தை மூடிக்கொள்.

நேற்று அவளோடு நீ எடுத்த சலவைக்காரிப் படத்துக்குப் போனேன். என் தொட்டிகள், நான் வெளுத்த துணிகள் எல்லாம் திரையில் ஓடின. முழங்கால் தண்ணீரில் நின்று நீ நடிகர்களை விரட்டி வேலை வாங்கியதைக் கரையிலிருந்து பார்த்தவள் நான். உன் புருஷன் ஆன்செல்ம் அன்று சாப்பாட்டுக்கடையில் நத்தை தின்றுகொண்டிருந்தான். மறக்கவில்லை. கல்யாணத்தன்று என் முயல் குழம்பைத் தள்ளிவைத்ததையும் மறக்கவில்லை.

படம் தொடங்கும்போது, திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிற ஃபிர்மேன் குரலை உயர்த்தி, "இந்தப் படத்தை எடுத்தவர் திருவாளர் ஆன்செல்ம் வெர்தியே!" என்றான். நான் எழுந்து, "பொய்! எடுத்தது என் பொண்ணு!" என்று கத்தினேன். பின்னாலிருந்து ஒருவன், "உக்காரு கிழவி, ஈஃபிள் கோபுரத்தையும் உன் பொண்ணுதான் கட்டினாளா?" என்றான். கொட்டகையே சிரித்தது. லுசெத் என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

படம் முடிந்ததும் ஃபிர்மேனைப் பிடித்தேன். மாப்பிள்ளை உனக்கு எத்தனை புட்டி ஒயின் வாங்கிக் கொடுத்தான் என்று கேட்டேன். "அவரு இந்தப் பக்கமே வரலம்மா. உங்க பொண்ணுதான் வந்து அப்படிச் சொல்லச் சொன்னாங்க. பொம்பள எடுத்த படம்னா கொட்டகைக்காரங்க வாங்க மாட்டேங்கிறாங்களாம்" என்றான்.

நான் நம்பவில்லை. பேசும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் ஆன்செல்ம் சொல்லிக் கொடுத்த பேச்சு. உன் படக் கம்பெனியைத் தன் பெயருக்கு மாற்றப் பத்திரம் தயார், நீ வந்ததும் கையெழுத்துப் போடுவாய் என்று போன மாதம் என் சமையலறையில் உட்கார்ந்து அவனே சொன்னான். போட்டுவிடாதே. உன்னைத் தவிர இந்த ஊரில் எந்தப் பெண் படம் எடுக்கிறாள்?

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நீ வந்தபோது முழங்கையில் ஒட்டுப்போட்ட பழுப்புக் கோட்டு போட்டிருந்தாய் என்றான் ஃபிர்மேன். அந்த ஒட்டைத் தைத்தவள் நான். ஆன்செல்ம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. பெண்டாட்டியின் கோட்டை அவன் என்றைக்குப் பார்த்தான்?

நேற்றிலிருந்து லுசெத், "அம்மா எடுக்கலையா பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஃபிர்மேன் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது, மகளே. அது பொய் இல்லையென்றால் எழுதாதே. கிளம்பி வா, வந்து உன் பிள்ளைக்கு நீயே பதில் சொல். மாதா உன்னையும் உன் பெயரையும் காப்பாற்றட்டும்.

உன் தாய்
க்ளேமான்ஸ்