ஒரு தரம் வரதா சொல்லும் நேரம்

மஸ்கட்
14-6-1998

சௌ. ஸுபத்ராவுக்கு அநேக ஆசீர்வாதம்.

போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்கு வருகிற வார்த்தையும் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரின் கை காலை மடக்கி நீட்டுகிறேன். நம் ப்ரணவின் காலை மட்டும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவன் நுனிக்காலில் நடப்பதற்குக் காரணமான தசை இறுக்கத்தை அளக்கும் விதம் இதுதான். குழந்தையை மல்லாக்கப் படுக்க வை. முழங்கால் நீட்டியிருக்கட்டும். வலது குதிகாலைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மேல்நோக்கித் தள்ளு. ஒரு வினாடிக்குள் தள்ளி முடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். நம்மாத்துக் கடிகாரத்தில் வினாடி முள் கிடையாது. 'வரதா' என்று ஒரு தரம் சொல், அவ்வளவுதான் நேரம். தடையே இல்லையென்றால் பூஜ்யம். கடைசியில் லேசாகப் பிடித்தால் ஒன்று. வழி நெடுகப் பிடித்தாலும் பாதம் வந்துவிட்டால் இரண்டு. தள்ளுவதே கஷ்டமென்றால் மூன்று. அசையவே இல்லையென்றால் நாலு.

இரண்டுக்குள் இருந்தால் பயிற்சி போதும். கான்ட்ராக்ட் முடிந்து 2000 ஏப்ரலில் வருகிறேன். மூன்றென்றால் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, வாராவாரம் மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும். அதை உன் ஒருத்தியால் சமாளிக்க முடியாது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன், சத்தியம். ஐந்து வயதுக் குழந்தையை விட்டு ஓடிப்போனவன் என்று மட்டும் இனிமேல் சொல்லாதே.

உன்
முரளி

சின்ன காஞ்சிபுரம்
1-7-1998

அன்புள்ள உங்களுக்கு ஸுபத்ராவின் நமஸ்காரம்.

இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கள் அப்பா கோவிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டி முடிந்து வந்ததும், கால் அலம்பக்கூட இல்லை, முரளி எழுதினானா என்றுதான் கேட்கிறார்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். 'வரதா' என்று சொல்லி முடிப்பதற்குள் தள்ளினேன். பாதி வழியில் பாதம் கட்டையாய் நின்றுவிட்டது. ப்ரணவ் வீலென்று கத்தினான். "நீ கெட்ட அம்மா" என்றான். மறுநாளும் பார்த்தேன். மூன்றுதான். இன்னமும் நுனிக்காலில்தான் நடக்கிறான். செருப்பு காலில் நிற்பதே இல்லை.

மாவுக்கட்டுக்கு எங்கே போவது? எப்போது கிளம்புகிறீர்கள்? உடனே எழுதுங்கள்.

உங்கள்
ஸுபத்ரா

சின்ன காஞ்சிபுரம்
20-9-1998

அன்புள்ள உங்களுக்கு நமஸ்காரம்.

பதினோரு வாரமாகக் கடிதமும் இல்லை, போனும் இல்லை. நான் என்ன தப்பாக எழுதிவிட்டேன்?

நேற்று மறுபடி அளந்தேன். போன தடவை அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றியது. நம்மாத்தில் யார் வரதனை அப்படி வெடுக்கென்று கூப்பிடுவார்கள்? கருட சேவையன்று உங்கள் அப்பா கண்ணில் ஜலத்தோடு இழுத்துக் கூப்பிடுவாரே, அந்த மாதிரி சொல்லிக்கொண்டே தள்ளினேன். பாதம் சமர்த்தாக மேலே வந்தது. கடைசியில்தான் லேசாகப் பிடித்தது. ப்ரணவ் அழவே இல்லை. ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா?

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்
ஸுபத்ரா

மஸ்கட்
1-10-1998

என் கண்ணான ஸுபத்ராவுக்கு,

ஒன்றா! வேலை நடுவிலேயே உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, நர்ஸுகளுக்கெல்லாம் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். பேனாவை எடுத்தால் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

மாவுக்கட்டெல்லாம் வேண்டாம், பயிற்சியே போதும். மாதம் ஒரு தரம் அளந்து எழுது. இப்போது அளந்த மாதிரியே அளந்தால் போதும். ப்ரணவுக்குக் கலர் பென்சில் அனுப்பியிருக்கிறேன். பின்னால் இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது, அப்பா எதிரில் படிக்காதே.

உன்
முரளி

சின்ன காஞ்சிபுரம்
6-3-1999

அன்புள்ள உங்களுக்கு,

மாதாமாதம் ஒன்று என்று எழுதினேன். மாதாமாதம் உங்கள் கடிதமும் வந்தது. இந்த மாதம் என்னால் அப்படி எழுத முடியாது.

ஐயம்பேட்டையில் சனிக்கிழமைகளில் இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். போன மாதம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். ரேவதி என்று முசரவாக்கத்துப் பெண், உங்கள் பிஸியோதெரபி படிப்புதான் படித்திருக்கிறாள். நான் அளக்கிற அழகைப் பார்த்து முதலில் சிரித்தாள். "இன்னாக்கா, ராகம் போட்டுக்கினு தள்றீங்க? மெதுவா தள்ளினா இறுக்கம் எப்டி தெரியும்? வெடுக்குனு தள்ளுங்க, அப்பத்தான் உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியும்" என்றாள். அவள் தள்ளியபோது மூன்று. பிறகு என்னைப் போல மெதுவாகவும் தள்ளிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "மெதுவா தள்ளினாலும் வர்லயேக்கா. சதையே சுருங்கிக்கினு வருது."

சென்னையில் டாக்டரிடம் காட்டினோம். போன வருஷமே மாவுக்கட்டுப் போட்டிருந்தால் ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காது என்றார். 29-ம் தேதி குதிகாலின் தசைநாணை வெட்டி நீட்டப் போகிறார்கள்.

தப்பு என்னுடையதுதான். நீங்கள் தெளிவாகத்தான் எழுதியிருந்தீர்கள். வேகமாகத் தள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து மெதுவாகத் தள்ளினாலும் பாதம் நிற்கிறது என்பதும் தெரியும். மூன்று என்று எழுதியதற்குப் பதினோரு வாரம் நீங்கள் வாயே திறக்கவில்லை. ஒன்று என்று எழுதியதும் நாலு பக்கம் வந்தது. எனக்கு அந்த நாலு பக்கம் வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போது ப்ரணவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இழுத்துச் சொல்லித் தள்ளினேன் என்று எழுதியிருந்தேனே, அதை நீங்கள் படித்தீர்கள்தானே? இதே வேலையாக இருக்கிறவர் நீங்கள். கட்டும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் மூன்று ஒன்றாகுமா?

29-ம் தேதிக்குள் வாருங்கள். மூன்றென்றால் வருவேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறீர்கள்.

ஸுபத்ரா

மஸ்கட்
20-3-1999

அன்புள்ள ஸுபத்ராவுக்கு,

ஆகாது. ஒன்று என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். வேகமாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னால் நீ மறுபடி மூன்று என்று எழுதுவாய், நான் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். ஊரார் குழந்தைக்கெல்லாம் செய்கிறேன், நம் ப்ரணவ் நுனிக்காலில் வருகிறதைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. கோழை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

லீவு ஜூலையில்தான் கிடைக்கும் போலிருக்கிறது. கட்டுப் பிரித்ததும் அளந்து எழுது. இந்தத் தரம் சரியான வேகத்தில்.

முரளி

சின்ன காஞ்சிபுரம்
16-5-1999

திரு. முரளீதரன் அவர்களுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழந்தையின் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நானே போட்டேன். ஆறு வாரம் உங்கள் அப்பாவும் நானும் அவனை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலைந்தோம். நீங்கள் எழுதினீர்களா என்று அவர் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

புதன்கிழமை கட்டுப் பிரித்தார்கள். இறக்கி நிற்க வைத்ததும் குதிகால் தரையில் பட்டது. "அம்மா, தரை சில்லுன்னு இருக்கு" என்றான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நேற்று ரேவதி வந்து அளந்தாள். ப்ரணவே 'வரதா' என்று சட்டென்று சொன்னான், அவள் அதற்குள் தள்ளி முடித்துத் தன் நோட்டில் எண்ணை எழுதிக்கொண்டாள்.

அந்த எண்ணை உங்களுக்கு எழுதப் போவதில்லை. நன்றாக இருந்தால் இனி என்ன அவசரம் என்று இருந்துவிடுவீர்கள். மோசமாக இருந்தால் பேசாமல் இருந்துவிடுவீர்கள். ஜூலையில் வந்தால் நீங்களே அவன் காலைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடுவதற்கு முன்னால் அவனிடம் கேளுங்கள். புது ஆட்கள் தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறான்.

ஸுபத்ரா